மேல்வீட்டு வாத்தியமும் என் ஒட்டடைக்கம்பும்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் இவளும் சௌக்கியம், என் வலது தோள்பட்டை நீங்கலாக. அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். "எழுத்துல ஒரு புகார் குடு மாப்ளே, மாசக் கடைசியில மேல்வீட்டைக் காலி பண்ண வெச்சிடறேன்" என்று போனில் சொன்னீர்களே, அந்தப் புகார்தான் இது.

உங்கள் மேல்வீட்டில் குடியிருக்கும் அம்மாள் ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள். விடியுமுன் போய் மத்தியானம் திரும்பிவிடுவாள். நாலு மணிக்கு, நான் கண்ணயரும் நேரம் பார்த்து, சல்லடை மாதிரி வட்டமான ஒரு தோல் வாத்தியத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். அவள் தாய்வழியில் பெண்கள் மட்டுமே வாசிப்பதாம். வாசிக்கட்டுமே, யார் வேண்டாமென்றது? அதற்கு என் தலைதானா கிடைத்தது? மூன்று வருஷமாக நானும் கட்டிலில் ஏறி நின்று ஒட்டடைக்கம்பால் கூரையை இடித்து ஆட்சேபம் தெரிவித்துவருகிறேன். நிறுத்தினாளா? நான் இடிக்க இடிக்க அவளுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகிறது!

இந்த லட்சணத்தில், விதவிதமான வாத்தியக்காரர்களைத் தேடிப் போய்க் காட்டுகிற டிவி நிகழ்ச்சிக்காரர்கள் அவளைப் படம் பிடிக்க வந்தார்கள். கேமரா முன்னாலாவது அவள் மானம் போகட்டும் என்று அன்றைக்குக் கூடுதல் பலத்தோடு இடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள், "கீழ்வீட்டு சார்தான் எனக்குத் தாளம். மூணு வருஷத்துல ஒருநாள்கூட பிசகினதில்ல." இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "டைப் கிளாஸ்ல முப்பது வருஷம் பிள்ளைங்க விரலுக்கு ஸ்கேலால தாளம் போட்ட கை! கோபம் வந்தாலும் கணக்காத்தானே தட்டும்?" என்கிறாள். தெருவில் தலைகாட்ட முடியவில்லை அத்தான். இஸ்திரிக்காரர் என் சட்டையைக் கொடுக்கும்போது "வித்வான், இந்தாங்க" என்கிறார். அன்றோடு கம்பைக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டேன், இரண்டு நாளாகத் தொடவில்லை. ஒன்று அவள் இருக்க வேண்டும், இல்லை நான். தயவுசெய்து உடனே காலி செய்யச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. குழந்தைகள் எல்லா நலமும் பெற்று, முக்கியமாக நல்ல தூக்கம் பெற்று, நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தூக்கமிழந்த உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் கதவு தட்டும் சத்தம். பார்த்தால் மேல்வீட்டு அம்மாள், கையில் சூடான ரொட்டியும் தோள்வலித் தைலமும். "ரெண்டு நாளா நீங்க தட்டவே இல்லையே சார், உடம்பு கிடம்பு சரியில்லையா? எனக்கும் வாசிக்க மனசே வரல" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், இந்த இரண்டு நாளும் வீடு அவ்வளவு அமைதி, எனக்குத்தான் பொட்டுத் தூக்கமில்லை. ஆகவே காலி கீலி ஒன்றும் வேண்டாம். கட்டிலுக்கு மேலே காரை பெயர்ந்து கிடப்பதை இவள் அக்காவிடம் சொல்லியிருப்பாள். அதைப் பூசுகிறேன் என்று கொத்தனாரை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அந்த இடத்தில் தட்டினால்தான் சத்தம் நன்றாக விழுகிறது.