டொக்கம்மாவின் சுத்தியல்

நாமக்கல் லாரிகளின் நெஞ்சுத் துடிப்பைக் காதாலேயே கண்டறியும் வல்லமை இப்பூவுலகில் ஒருவருக்கே வாய்த்திருந்தது. அவர் எங்கள் லாரி அலுவலகத்தின் டயர் பொறுப்பாளர், வயது முப்பத்தைந்து, சுத்தியல் எழுப்பும் ஓசையால் பெற்ற பெயர் டொக்கம்மா. கல்லூரிப் பட்டிமன்றங்களில் எவருக்கும் அஞ்சாத நான், அந்தச் சுத்தியலுக்கு அஞ்சினேன்.

வண்டி புறப்படுமுன் டயரைத் தட்டி, ஓசையைக் கொண்டே காற்றின் அளவைச் சொல்வார். அத்தோடு நின்றிருக்கலாம். காலையில் உள்ளே வந்து எங்கள் மேசைகளையும் தட்டுவார். "பேசு சாமி!" நாங்கள் ஏதேனும் பேச வேண்டும். எவர் குரலிலாவது சோர்வு தெரிந்தால், "காத்து எறங்கிப்போச்சு, வண்டிய ஓரங்கட்டு!" என்று அரை மணி நேரம் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, அவருடைய தொலைபேசியைத் தாமே எடுப்பார். சரக்கு வரவில்லை என்று சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருவர் கொதித்தார். "ஏனுங்க, லாரி என்ன பறந்தா வரும்? அவ்ளோ அவசரம்னா ராசிபுரம் வரைக்கும் லாரிக்கு எதுக்கால நடந்து வாங்க!" என்றார் டொக்கம்மா. வியாபாரியைச் சமாதானப்படுத்த மேலாளரே சேலம் சென்றுவர நேர்ந்தது.

வண்டி எங்கே என்று கேட்போருக்கு விடையளிப்பது என் பணி. நான்கே மாதங்களில், தொலைபேசி மணி ஒலித்தால் நெஞ்சடைத்தது. ஒலிக்காதபோதும் ஒலிப்பதாய்க் கேட்டது. மோகனூர்ப் பேருந்திலிருந்து இறங்கவே கால்கள் மறுத்தன. யாரிடம் சொல்வது? எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் பதற்றம் என்று சொன்ன அன்றே, "ஊட்டுக்குப் போயிருங்க தம்பி" என்று மேலாளர் சிரித்தபடி அவரை வேலையைவிட்டே அனுப்பிவிட்டாராம். ஆகவே சுத்தியல் தட்டும்போதெல்லாம் நான் குரலை உயர்த்தினேன்.

"இமயம் சாயினும் யான் சாயேன்!"

அலுவலகம் கைதட்டியது.

ஒரு செவ்வாயன்று, கைதட்டல் ஓய்ந்தும் டொக்கம்மா நகரவில்லை. மீண்டும் தட்டினார். இன்னும் உரக்க முழங்கினேன்.

"எறங்கினத மட்டுமே பாத்துட்டு இருந்துட்டேன், என் தப்புத்தான்" என்றார். "இவனுக்குக் காத்து மிஞ்சிப் போச்சு. வெயில்ல வெடிக்கறது இந்த டயருதான்."

அந்நேரம் பார்த்து மணி ஒலித்தது. எல்லோர் முன்னிலையிலும் நான் இரு காதுகளையும் பொத்திக்கொண்டேன். மேலாளர் தம் அறைக் கதவைத் திறந்தார்.

"என்னம்மா அங்க?"

"தம்பிக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நல்லாத்தான கத்துனான்?"

"அதுதானுங்க நோவே. நாங்க திரும்பி வாரப்ப இவன் நாற்காலி இங்கயே இருக்கோணும். இல்லீனா நாளையிலிருந்து டயர நீங்களே தட்டிக்கோங்க."

மேலாளர் வாசலில் நின்ற லாரிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு என் தொலைபேசியை அவரே எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர், என்ன செய்கிறது என்று கேட்டார். எத்தலைப்பிலும் பத்து நிமிடம் பேசவல்ல எனக்கு அமைந்தது ஒரே வாக்கியம்.

"பயமா இருக்குதுங்க" என்றேன். எதுகையுமில்லை, மோனையுமில்லை.

"கூட வந்திருக்கறது யாரு?"

செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல் வெளியே கைகட்டி நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்க அக்காங்க."