பூவனேந்தல் கோயிலின் கிழக்கு

பூவனேந்தல்,
வண்டியூர் வழி, மதுரை.
1934, ஆடி மாதம்.

அன்பும் கனமும் பொருந்திய மாசிலாமணி அண்ணன் சமுகத்துக்கு,

இல்லை. கோயில் சுவரை நான் இடிக்கவில்லை. இடித்தது கொத்தனார் முத்திருளன். இடிக்கச் சொன்னது கமிட்டி. கமிட்டி என்றால் அப்பா. ரங்கூனில் தங்களிடம் வந்து சேர்வதற்குள் செய்தி தலைகீழாகிவிட்டது. இங்கு கர்த்தர் கிருபையால் எல்லோரும் சுகம். அப்பா என்னோடு பேசுவதில்லை. அதுவும் ஒரு சுகந்தான். தங்கள் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறோம், தனித்தனியாக.

புதுக் குருவானவர் யோபுதாசன் ஐயா ஆனியில் வந்தார். கையில் வேதம், பையில் திசைமானி. முதல் நாளே அதைக் கோயில் தரையில் வைத்தார். முள் ஆடி நின்றது. அவர் முகம் வெளுத்தது. நம் பீடம் மேற்கில் இருக்கிறது, அண்ணா! இங்கிலாந்துத் திருச்சபையின் கோயிலில் பீடம் கிழக்கில் இருக்க வேண்டுமாம். நாம் இத்தனை காலமும் அஸ்தமனத்தைப் பார்த்து ஜெபித்திருக்கிறோம். மார்கழியில் பிஷப் வருகிறார். அதற்குள் கோயில் திரும்பியாக வேண்டும்.

திரும்பட்டுமே என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு யோசித்தேன். பீடத்தைப் பார்த்து இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், பாயில். தாங்கள் அறிந்ததே. இப்போது எங்கள் இடப்பக்கம் தெற்கு. ஜன்னல்கள் எல்லாம் தெற்குச் சுவரில்தான். கூர்வளைவு, ஆள் உயரம், கண்மாயின் காற்று. வடக்கே அங்கி அறையை ஒட்டிய மொட்டைச் சுவர். பீடம் கிழக்கே போனால் சபை திரும்பும். சபை திரும்பினால் எங்கள் இடப்பக்கம் வடக்கு. கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் மொட்டைச் சுவருக்கு. ஜன்னல் ஆண்களுக்கு. மெட்ராஸிலிருந்து சித்திரையில் திரும்பியவள் நான். அந்த வெயிலில் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தவள். விடுவேனா?

ஆண்களுக்குக் கிழக்கின் மேல் திடீரென்று அப்படி ஒரு பக்தி.

"வேதத்துல கெழக்குன்னுதான் போட்டிருக்கு" என்றார் அப்பா.

"எந்த அதிகாரத்துல, அப்பா?"

"கமிட்டியில போட்டிருக்கு."

"சரி, பீடம் போகட்டும். பொம்பளைக வலப்பக்கம் உக்காந்துக்கிறோம்."

"ஆதிமுதல் பொம்பளைக எடப்பக்கம். அதை மாத்த நீ யாரு? ஒன்னய பி.ஏ.வுக்கு அனுப்புனேன் பாரு!"

அந்தச் சனிக்கிழமையே பீடத்தைத் தூக்கிக் கிழக்கே வைத்தார்கள். கிழக்கே இருப்பது தலைவாசல். கதவைச் சாத்தி அதன் முன்னால் பீடம். எல்லோரும் அங்கி அறை வழியாக வரவேண்டும் என்று உத்தரவு. சீனியம்மாளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் என்றைக்கும் பிந்தித்தான் வருவாள். மறுநாள் குருவானவர் கிழக்கு நோக்கிக் கண்மூடி ஜெபித்தார். கண் திறந்தபோது பீடத்துக்கு மேலே, இரண்டு மெழுகுவர்த்திக்கு நடுவில், சீனியம்மாளின் தலை.

"என்னய்யா, வாசல்ல கடை போட்டிருக்கீக? தள்ளுங்க. பொம்பளப் பக்கம் எங்கிட்டு இருக்கு?"

வடக்கே காட்டினார்கள். மொட்டைச் சுவரைப் பார்த்தாள். ஜன்னலோரம் பரவி உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தாள். ஆண்கள் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. பக்தி என்று நினைத்தேன். "அம்புட்டுக் காத்தும் ஒங்களுக்கா? நல்லா இருங்கடா" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் படைக்கு அவள்தான் முதல் ஆள்.

மறுநாள் கமிட்டியில் நான் பேசினேன். நின்றுகொண்டே. அண்ணா, நான் இந்தக் கோயிலை நாள்கணக்காகச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். பாதியில் கோபித்துக்கொண்டு நின்றுவிட்ட அந்தக் கட்டைக் கோபுரம். சுண்ணாம்புக் காரைத் தூண்கள். தூண் உச்சியில் தாமரை. எந்தத் துரை தாமரை கேட்டிருப்பார்? நம் கொத்தனார்கள் வைத்தது. அதே கொத்தனார்கள்தான் தலைவாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்று நின்றிருப்பார்கள். கோயிலைக் கட்டிய முதல் துரை இசைந்திருப்பார். இந்தக் கோயிலின் அழகே அந்த இசைவுதான். அதைத் திருப்புவது சரித்திரத்தையே அழிப்பது என்றேன். எனக்கே கண் கலங்கியது. குருவானவர்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து மேற்குச் சுவரிலிருந்து முத்திருளன் சத்தம் போட்டார். புது வாசலுக்காகக் காரையைக் கொத்திக்கொண்டிருந்தவர்.

"சாமி, ஓடியாங்க! நாம ஒடைக்கவே வேணாம். உள்ள ஒரு வாசல் இருக்கு!"

ஓடினோம். செங்கல் வைத்து அடைத்த பழைய வாசல். நடுவில் தேய்ந்த படிக்கல். ஆக, முதலில் வாசல் மேற்கே, பீடம் கிழக்கே. துரை சரியாகத்தான் கட்டியிருக்கிறார். இசைவாவது ஒன்றாவது. பிறகு யாரோ கோயிலைத் திருப்பியிருக்கிறார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. என் வாதம் செத்தது. ஆனாலும் அந்த வளைவு! ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கூர்வளைவு, விசிறி மடிப்புப் போலச் செங்கல். தோற்றதை மறந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அப்பா சிரித்தார். "சரித்திரம் என்ன சொல்லுதும்மா?" என்றார். அதுதான் என்னோடு அவர் கடைசியாகப் பேசியது.

அடைப்பை எடுத்தார்கள். கதவு வரும்வரை ஓலைத் தட்டி. ஞாயிறு வந்தது. ஆடிக் காற்றும் வந்தது. பாதி ஆராதனையில் தட்டி பிய்த்துக்கொண்டு ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே பீடம்வரை பறந்தது, பின்னாலேயே வறண்ட கண்மாயின் புழுதி முழுவதும் உள்ளே வந்தது, மெழுகுவர்த்தி அணைந்தது, பாட்டுப் புத்தகங்கள் பறந்தன, பிள்ளைகள் வீறிட்டன, பீடத்தின் விரிப்பு எழுந்து குருவானவர் தலையை மூடிக்கொண்டது, உள்ளேயிருந்து "சாத்துங்க! எதையாவது சாத்துங்க!" என்று குரல் வந்தது. முன்னோர் ஏன் திருப்பினார்கள் என்பதைச் சபை முழுவதும் அரை நிமிஷத்தில் கற்றுக்கொண்டது.

விடிந்ததும் முத்திருளன் பழைய செங்கல்லையே திரும்ப அடுக்கினார். பீடம் மேற்கே போனது. கோயிலுக்குள் பீடம் இருக்கும் பக்கமே கிழக்கு என்று குருவானவர் அறிவித்துவிட்டார். பிஷப்புக்கும் அப்படியே எழுதியிருக்கிறார். தெற்கு ஜன்னல்கள் எங்களுக்கு. ஜெயித்தோம், அண்ணா! பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு நாள் எனக்கு வாய்க்கவில்லை.

அம்மா தங்களை ஆசீர்வதிக்கிறாள். அப்பாவின் ஆசீர்வாதத்தை நானே சேர்த்துக்கொள்கிறேன்.

தங்கள் அன்புத் தங்கை,
ஜெயக்கொடி

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. ஒட்டாமல் வைத்திருந்த கடிதத்தில் இதையும் எழுதுகிறேன். ஜன்னலோரம் பாய் விரித்து உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் பெண்கள் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். வடக்கேயிருந்து ஒரு குரல்: "ஏன், காத்து வேணாமாக்கும்?" நான் சீனியம்மாளைப் பார்த்தேன்.

"ஆடி முடியுமட்டும் தொறக்க மாட்டோம் தாயி. கண்ணெல்லாம் மண்ணு. நீ மெட்ராஸ்ல இருந்தவ, ஒனக்கு மறந்திருக்கும்."

"அப்ப எதுக்கு அம்புட்டுச் சண்டை போட்டோம்?"

"அவுக கையில விட முடியுமா? தொறக்குறதும் சாத்துறதும் நம்ம கையில இருக்கணும்ல?"

என் பக்கத்து ஜன்னல் ஒன்றுதான் திறந்திருந்தது. எழுந்து அதைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன்.