திருவொற்றியூரில் ஒரு புல்தரை

"யோவ், நம்ம ஏரியால புல்லுக்கு எங்கய்யா போறது?" என்று கத்தினாள் செங்கொடி.

சனிக்கிழமை அவளுக்கும் கண்டெய்னர் யார்டு மேனேஜருக்கும் டென்னிஸ் மேட்ச். திருவொற்றியூர் குவார்ட்டர்ஸின் சிமென்ட் கோர்ட்டைக் கார் பார்க்கிங் ஆக்கப்போவதாக அவர் சொல்லியிருந்தார். "யாராவது என்னை ஜெயிங்க, விட்டுடறேன்" என்று யூனியன் கூட்டத்தில் நக்கலாகச் சிரித்தார். யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் செங்கொடிக்குச் சுருக்கென்றது. "நான் ஆட்றேன் சார்" என்று எழுந்துவிட்டாள். அந்தக் கோர்ட்டும் போனால் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ஓடியாட வேறு இடமே கிடையாது.

ஆட்டம் ஆபீசர்ஸ் கிளப்பில். அங்கே கூட்டிப் பெருக்கும் சிநேகிதி ரமாபாய் வியாழக்கிழமை வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "சனிக்கெயம கிராஸ் கோர்ட்டு தான். மறந்துடாத." அதோடு யாரோ அதட்டும் சத்தம். திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

"கிராஸ்னா புல்லு" என்றான் அவள் கணவன் தேசப்பன். காசிமேட்டில் போட் இன்ஜின் ரிப்பேர் செய்பவன். டிவியில் பார்த்தே டென்னிஸ் கோச் ஆனவன். "சிமென்ட்ல பந்து மாரு ஒசரத்துக்கு எகிறும். புல்லுல முட்டிக்குக் கீய வயுக்கிகினு ஓடும். நீ குனிஞ்சே ஆடு."

பந்தல்காரர் அஃப்ரித்திடம் கல்யாணப் பச்சை விரிப்பை வாங்கிவந்து கோர்ட்டில் விரித்தான். பந்து வழுக்கவில்லை. விரிப்புதான் வழுக்கியது, செங்கொடியோடு சேர்ந்து.

"ஈரம் பத்தல" என்று சோப்புத் தண்ணீர் ஊற்றினான். இப்போது பந்து வழுக்கியது, அவளும் வழுக்கினாள், சொல்லித்தந்த கோச்சும் மல்லாந்தார். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கிரிப்பு இல்ல, அதான்" என்று சைக்கிள் டயரை அறுத்து அவள் ஷூவுக்கு அடியில் ஒட்டினான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் குனிந்தால் நிமிர முடியவில்லை, நின்றால் நகர முடியவில்லை.

"பேசாம வூட்லயே கெட. தோத்தா மானம் பூடும்."

"ஆடாம தோத்தா தான்யா பூடும்!"

சனிக்கிழமை கிளப்பில் போய்ப் பார்த்தால், பச்சைப் பெயிண்ட் அடித்த சிமென்ட் தரை. மருந்துக்குக்கூட ஒரு புல் இல்லை.

"ஏமாத்திக்கீறானுங்க" என்றான் தேசப்பன்.

செங்கொடிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சிமென்ட்டோ சேறோ, எங்க கோர்ட்டுல எவனும் கார நிறுத்த முடியாது!" என்று உள்ளே இறங்கினாள்.

டயர் தரையை அட்டையாய்ப் பிடித்துக்கொண்டது. இடுப்பு திரும்பவே இல்லை. கை மட்டும்தான் வீசியது. நேரே அடிக்க நினைத்த பந்தெல்லாம் குறுக்கே பறந்து எதிர்மூலையில் போய் விழுந்தன. இடதுகைக்காரரான மேனேஜருக்கு அது புறங்கைப் பக்கம். அங்கே ஓடினார், தடுமாறினார், வலையிலேயே அடித்தார். ஆறுக்கு நாலு என்று அவள் ஜெயித்தபோது குவார்ட்டர்ஸ் சனத்தின் விசிலில் கிளப்பே அதிர்ந்தது.

"கோர்ட் உங்களுதுதான்" என்று முனகிவிட்டுப் போனார் மேனேஜர்.

"நம்ம புல்லு டிரெயினிங் எப்டி!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான் தேசப்பன்.

துடைப்பத்தோடு ஓடிவந்த ரமாபாய் செங்கொடியைக் கட்டிக்கொண்டாள். "பத்து வருசமா பெருக்கிகினே பாக்குறேன்டி, அந்தாளுக்குக் குறுக்கால அடிச்சா எடுக்கவே வராது. நான் சொன்னா மாரியே ஒரு பந்து வுடாம கிராஸ் கோர்ட்டா அடிச்சி சாச்சிட்டியே!"