பெர்மனென்ட் அண்ணாச்சியின் கனடா

மலையாளக் கரை மட்டாஞ்சேரியின் வெயிலில் முழங்கால் வரை பூட்ஸ், முழங்கை வரை தோல் கையுறை, முகத்தை மூடிய வெல்டிங் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு சாயாக் கடைக்கு வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். பெர்மனென்ட் அண்ணாச்சி. கவசத்தை லேசாகத் தூக்கி, கையுறையோடே கிளாஸைப் பிடிப்பார். பாதி சாயா மீசைக்கு, மீதி சட்டைக்கு.

எழுபதுகளின் கடைசி. நான் அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே அண்ணாச்சியின் வெல்டிங் பட்டறை. தென்காசிப் பக்கத்துக்காரர். தோப்பும்படி மீன்பிடிப் படகுகளில் அவர் கை படாத இரும்பு கிடையாது. ஊரே கல்ஃபுக்குப் பறந்துகொண்டிருந்தது. இவர் மட்டும் மாட்டேன் என்றார்.

“கல்ஃபுக்குப் போனா என்னைக்காவது திரும்பி வரணும்லா வே? எங்க வர? இங்க பாண்டிங்கான். தென்காசில இறங்குனா மலையாளத்தான் வந்துட்டாங்கான். கனடாக்காரன் தொழில் தெரிஞ்சவனைக் குடும்பத்தோட கூப்பிட்டு, சாகுற வரைக்கும் இருந்துக்கோங்கான். பெர்மனென்ட்டு!”

அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே சொந்தப் பேரைத் தொலைத்தார்.

கனடாக் குளிருக்குப் பழக வேண்டுமென்று பெண்டாட்டி பிள்ளைகளைத் தோப்பும்படி ஐஸ் கம்பெனியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். “மீன் கவிச்சியோடதான் கனடா போகணுமா?” என்று அந்த அம்மாள் எழுந்து வந்துவிட்டார்.

அதுவரை அண்ணாச்சி வேலை செய்ததெல்லாம் வெறுங்காலோடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டுதான். கண்ணாடி, கவசம் எதுவும் கிடையாது. இடத்தை ஒரு பார்வை பார்த்து, முகத்தைத் திருப்பிக் கண்ணை இடுக்கிக்கொண்டு நெருப்பு வைப்பார். கண் எரிந்தால் உருளைக்கிழங்கை அரிந்து வைத்துக் கட்டிக்கொண்டு படுப்பார். வெளிநாட்டுப் பரீட்சையில் அதெல்லாம் நடக்காது, பூட்ஸும் கவசமும் இல்லாவிட்டால் வாசலிலேயே ஃபெயில் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மாட்டியவர்தான். பழகணுமாம்.

“எடா பாண்டி, யுத்தத்துக்கோ போறது?” என்று சாயாக் கடைச் சேட்டன் கத்துவார். கடையே சிரிக்கும். கவசத்துக்குள்ளிருந்து அண்ணாச்சியும் சிரிப்பார்.

மெட்ராஸில் பரீட்சை நடந்தது. அவர் ஒட்டிய குழாயைத் தடவிப் பார்த்த கனடாத் துரை கையைப் பிடித்துக் குலுக்கினாராம். மறுநாள் டாக்டர் பார்த்தார். கதை அங்கே முடிந்தது.

திரும்பி வந்தவர் பூட்ஸைத் தோளில் போட்டபடி நேரே சாயாக் கடைக்கு வந்தார்.

“கை பாஸு. கண்ணு ஃபெயிலு. வெல்டிங் வெளிச்சத்தப் பாத்துப் பாத்துக் கண்ணு வெந்துபோச்சாம் வே. அப்பம் கையை மட்டும் அனுப்பட்டுமா சார்னு கேட்டேன். டாக்டர் சிரிக்கான்.”

அட, நாசமாய்ப் போக! எந்தத் தொழில் தெரியும் என்று கூப்பிட்டார்களோ, அந்தத் தொழிலே கண்ணைத் தின்றுவிட்டது என்று தள்ளிவிட்டார்கள். யாரைப் போய்த் திட்டுவது? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

சேட்டன் சத்தமில்லாமல் சாயாவைக் கொண்டுவந்து வைத்தார்.

“அண்ணாச்சி நம்மட ஆளு தன்னே. இவிட இருந்தா மதி, அது போதும்.”

“இத இப்பம்தான் சொல்லுதேரு” என்றார் அண்ணாச்சி. சாயாவைத் தொடவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவருக்காகத்தான் அழுகிறேன் என்று கடையிலிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மைதான். ஆனால் இந்தப் பாழாய்ப்போன மனசு, உள்ளுக்குள் அவரைக் கட்டிக்கொண்டு, ‘நல்லவேளை, நீங்க போகலை அண்ணாச்சி’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.