மூன்று பூட்டுப் போட்ட வாசகசாலை

புக்கிட் கெலாடி தோட்டம்,
கோல சிலாங்கூர்.
2.6.1985

அன்புள்ள சேது மாமாவுக்கு,

அம்சவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் கால்வலியும் வழக்கம்போல நலம். ராவாங்கிலிருந்து நீங்கள் அனுப்பிய நிர்வாகப் புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நம் தோட்டத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், மாமா.

எங்கள் வாசகசாலை நான்கு மாதமாக மூடிக் கிடக்கிறது. அடுத்த திங்கட்கிழமை, பத்தாம் தேதி, தோட்டத்து மானேஜர் துரை பார்க்க வருகிறார். புத்தகங்கள் மேசையில் இல்லாவிட்டால் அறை உர மூட்டைகளுக்குப் போய்விடும். காரணத்தை ஆராய்ந்தேன். நிர்வாகக் குழுவில் பதினோரு பேர், பதினோரு பேருக்கும் பதவி, யாரும் வருத்தப்படக் கூடாதென்று துணைத் தலைவர் மட்டும் நான்கு பேர், ஆனால் அறையைக் கூட்ட ஒருவர்கூட இல்லை. ஒருவரை ஒருவர் நம்பாததால் ஒரே அலமாரிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், அதாவது ஆட்களை வேலை வாங்கும் அப்பளசாமி மண்டோரிடம், ஒன்று செயலாளரிடம், அதாவது ஆபீசில் கணக்கு எழுதும் உமாபதி கிராணியிடம், மூன்றாவது பொருளாளர் ஜூலியஸ் அண்ணனிடம். அவரோ சாவியோடு செரண்டாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தச் சாவியை அவருடைய தங்கை பியாட்ரிஸ் பஸ்ஸில் போய் வாங்கி வந்தாள். மண்டோரிடம் கேட்டேன். “கிராணி குடுத்தா நானும் குடுக்குறேன், புள்ள.” கிராணியிடம் ஓடினேன். “மொதல்ல மண்டோர் குடுக்கட்டும் லா. நான் என்ன இளிச்சவாயனா?” இப்படி ஏழு தடவை சைக்கிள் மிதித்த பிறகு, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டில் இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லி, ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் வாங்கினேன்.

அலமாரி திறந்தது, மாமா. கறையான்கூட இல்லை. இன்று குழுவைக் கூட்டிப் பேசினேன்: ஒரு வேலைக்கு ஒரே பொறுப்பாளர், அவரை எல்லோரும் நம்ப வேண்டும், சாவிகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பதினோரு பேரும் கைதூக்கினார்கள். “இந்தப் புள்ளைக்கு இருக்குற மூள நமக்கு இல்லாமப் போச்சே” என்றார் மண்டோர். பொறுப்பாளர் நான்தான்.

அத்தைக்கு வணக்கம், வாசுவுக்கு ஒரு முத்தம். உங்கள் தொழிற்சாலையில் நிர்வாகம் சரியில்லையென்றால் தயங்காமல் எழுதுங்கள், யோசனை சொல்கிறேன்.

உங்கள் அக்காள் மகள்,
அம்சவள்ளி, படிவம் நான்கு மாணவி

பி.கு.: மூன்று சாவிகளையும் கயிற்றில் கோத்து, உங்கள் புத்தகத்தில் ‘பொறுப்பு’ என்ற அத்தியாயத்தில் அடையாளமாக வைத்தேன். புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். பிறகு பொறுப்பாளர் என்ற முறையில் மூன்று பூட்டையும் போட்டேன். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டுகள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது இரும்பு அறுக்கும் ரம்பம் ஒன்று கொண்டு வாருங்கள். மண்டோர் கேட்டால், வாழைத்தார் வெட்ட என்று சொல்லுங்கள்.