ஆவாட்டி சாரும் அந்த ஏஜென்ட்டும்

ஆரணியில் ஒரு பட்டுப்புடவையை இன்ன தேதிக்குத் தருகிறேன் என்று சொல்லி, அதே தேதிக்குத் தந்த ஒரே மனிதர் எங்கள் ஆவாட்டி சார்தான். மறுக்கிறவர்கள் என்னிடம் வரலாம், பேசிக்கொள்வோம்.

நான் அந்தப் பட்டுக் கடையில் ஆர்டர் எடுப்பவன். நெசவாளர்களிடம் வேலை வாங்கும் அவர் எனக்கு எதிர் மேசை. யார் எதைச் சொன்னாலும் "ஆவாட்டி?" என்பார். அதாவது, அது நடக்காவிட்டால் என்ன செய்வாய்? டீ சொல்லும்போதே, "டீ இருந்தா டீ. இல்லாட்டி காபி. அதுவும் இல்லாட்டி பால். பாலும் இல்லாட்டி சும்மா வந்துட்டுப் போ" என்பார். டீக்கடைக்காரர் காபியிலேயே போனை வைத்துவிடுவார்.

இந்தக் குணத்தை அப்படியே கம்ப்யூட்டரிலும் இறக்கி வைத்திருந்தார். எக்செல்லில் அவரே எழுதிய புரோகிராம். காலை பத்து மணிக்கு ஒவ்வொரு நெசவாளருக்கும் தானாகச் செய்தி போகும். இன்ன நிறம், இன்ன பார்டர், இன்ன தேதி. முடியும் என்றால் 1, முடியாது என்றால் 2. அமாவாசைக்குத் தறி ஓடாது, அன்று செய்தியும் போகாது. ஒரு வீட்டில் சாவு என்றால் அவரே போய் உட்கார்ந்து துக்கம் கேட்டுவிட்டு வந்து, அந்தப் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவார். பதினாறு நாளைக்கு அந்த வீட்டுக்குச் செய்தி கிடையாது.

சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. ஒருவர் பாவம், 'பாதி முடியும்' என்று பதில் போட்டுவிட்டார். 'தவறான பதில். 1 அல்லது 2 அழுத்தவும்' என்று அன்று முழுக்க அவரைத் துரத்தியது. மனிதர் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "இத்த நிறுத்துங்க சார், ஒரே பேஜாரா கீது."

இந்த லட்சணத்தில்தான் முதலாளியின் மகள் ஏஐ ஏஜென்ட்டைக் கொண்டுவந்தாள். அதற்கு விதி எதுவும் எழுத வேண்டாம். 'இந்தப் புடவை வெள்ளிக்கிழமை வேணும்' என்றால் போதும், வழியை அதுவே தேடிக்கொள்ளும். வாய்ஸ் மெசேஜ் கேட்கும், போட்டோ பார்க்கும், பதமாகப் பேசும். முதலாளி தீர்ப்புச் சொன்னார்: "ஒரு மாசம் ரெண்டும் ஓடட்டும், ஆளுக்குப் பாதித் தறி. எது ஜெயிக்குதோ அது இருக்கட்டும். தோத்தா மேசைய காலி பண்ணிடுங்க."

ஐம்பத்தாறு வயதில் மேசையைக் காலி செய்துவிட்டு மனிதர் எங்கே போவார்? ஆவாட்டி சார் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். சாப்பாடு மேசையிலேயே. ஒரு நாளைக்குப் பத்துப் புது விதி. எதிரியையும் கண்காணித்தார். ஒரு நெசவாளர் முட்டி வலி என்றதும், ஏஜென்ட் அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, தேதியையும் தானே மூன்று நாள் தள்ளிவைத்தது.

"யார கேட்டுகினு தள்ளிச்சு அந்த ஆளு? நம்மளுது கேக்காம ஒண்ணு செய்யுமா?" என்று கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசி வாரத்தில் அவர்தான் முன்னால் இருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த வாரம் ஒரு காலை, 1, 2 என்று பதில் வராத செய்திகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவாட்டி சார் பங்கில் இருந்த சேவூர் நெசவாளரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ், முந்தின நாள் வந்தது. வெள்ளிக்கிழமைக் கல்யாணப் புடவை அவர் தறியில்தான் இருந்தது. போட்டுக் கேட்டேன். அழுகைக் குரல். "அப்பா பூட்டாருங்க சார்." அதற்கு எங்கள் புரோகிராம் மூன்று முறை பதில் அனுப்பியிருந்தது: 'தவறான பதில். 1 அல்லது 2 அழுத்தவும்.'

ஆவாட்டி சார் குரலைக் கேட்டார், பதிலைப் படித்தார். "நான் தறிப் பக்கமே போவல. ஜெயிக்கணும்னு இங்கயே குந்திகினு இருந்துட்டேன்" என்றார்.

பிறகு எழுந்து நேரே ஏஜென்ட் ஓடும் கம்ப்யூட்டருக்குப் போய், ஒற்றை விரலால் நடந்ததைத் தட்டினார். பெரணமல்லூரில் ஒரு தறியில் அதே நிறம், அதே பார்டர், மறுநாள் முடிகிற புடவை ஒன்று இருப்பதை அது கண்டுபிடித்தது. அதற்கு ஆர்டர் கொடுத்திருந்த கடைக்கு அடுத்த மாதம்தான் தேவை. அவர்களிடம் பேசி, சம்மதமும் வாங்கிவிட்டது. இவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். "நல்லாத்தான் செய்யிது" என்றார்.

"சார், புடவைதான் கெடச்சிடுச்சே. முதலாளிகிட்ட எதுவும் சொல்லாதீங்க. நீங்கதான் முன்னால கீறீங்க" என்று கெஞ்சினேன்.

"இல்லப்பா. சாவு வீட்டுக்கு ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு அனுப்பினது நான்."

போய்ச் சொல்லிவிட்டார். "மெசேஜ் இனிமே அது அனுப்பட்டும். எந்த வீட்ல இன்னா நடக்குதுன்னு நீங்க போய்ப் பாத்துகினு வந்து அதுக்குச் சொல்லுங்க" என்றார் முதலாளி. மேசை போனது போனதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவர் வண்டியை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சேவூரில் அந்த வீட்டில் தறிச் சத்தம் இல்லை. சாவு வீட்டில் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். நெசவாளர் வெளியே வந்து நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன்பா" என்றார் ஆவாட்டி சார்.

"வாடகை சேரெல்லாம் நேத்தே எடுத்துகினு பூட்டாங்க சார். நீங்க எப்படியும் வருவீங்கன்னு உங்களுக்கு மட்டும் ஒண்ண வெச்சிகினேன்."

வாசலில் ஒரே ஒரு நாற்காலி கிடந்தது. ஆவாட்டி சார் அதில் உட்கார்ந்து அழுதார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.