கோட்டோரக் கோச்

கால்பந்தை இருபத்திரண்டு பேர்தான் ஆடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் கோட்டோரக் கோச் என்ற இனத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. லண்டனில் கோடை பிறந்து, தாயகத்து ஊர்ப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் சுற்றுப்போட்டி வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் வெளிப்படுவார். முதலில் தொப்பை வரும், பிறகு இவர் வருவார். பந்து இடப்பக்கம் போனால் இவரும் கோட்டோரமாக இடப்பக்கம் ஓடுவார், உள்ளே ஒருவன் தலையால் முட்டினால் இவர் வெளியே வெறுங்காற்றை முட்டுவார், அடி தவறினால் அடித்தவனுக்கு முன்பே தலையில் கை வைத்துக் குந்திவிடுவார். பந்து மட்டும் இவரிடம் வராது.

லண்டன் குட்மேய்ஸில் குடியிருக்கும் கமலநாதன் இதில் முதல் தரம். கிழமை நாட்களில் அவருக்குப் பாதாள ரயில் நிலையத்தில் வேலை. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் ஊருக்கு உபதேசம். ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு கோட்டுக்குப் பின்னால் நிறுத்த யாரால் முடியும்?

இந்த இனம் ஓடியோடி, கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மன்களை இடித்துத் தள்ளியதால், 2006இல் சங்கங்கள் கூடி ஒரு விதி போட்டன. மைதானக் கோட்டை ஒட்டி ஆறடிப் பாதை லைன்ஸ்மனுக்கு மட்டும். அதற்குள் அணியைச் சேர்ந்தவர் யாராவது அவரை இடித்தால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை எதிரணிக்குப் பெனல்டி, அந்நேரம் போட்ட கோலும் செல்லாது. இடித்தவர் அணியின் ஆளா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் கோச் சொல்வதே முடிவு. எழுந்து நின்று கைதட்டி ஆதரித்தவர் யார்? கமலநாதனேதான். கோட்டோரக் கோச்சைப் பொறுத்தவரை விதி என்பது எப்போதும் அடுத்த கோச்சுக்கு.

லண்டன் எட்மண்டனில் இறுதியாட்டம். கமலநாதன் கோச்சாக இருக்கும் அவருடைய பள்ளி அணி பதினொரு வருடமாகக் கிண்ணத்தைக் கண்ணால் கண்டதில்லை. பத்தாவது நிமிடத்திலேயே அவர் லைன்ஸ்மன் சவிரிமுத்துவை இடித்து எச்சரிக்கை வாங்கிவிட்டார். தான் மரம் மாதிரி நின்றதாகவும் சவிரிமுத்துதான் வந்து மோதியதாகவும் சத்தியம் செய்தார். சத்தியம் செய்தபோதும் ஒரு கால் பாதைக்குள்ளேதான் இருந்தது.

இன்னொரு இடி விழுந்தால் கிண்ணம் போச்சு. அணிப் பெடியள் யோசித்து, ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு ஓரமாக இருந்த அவர் மனைவி பிரமிளாவைக் கூட்டிவந்து, பெல்டைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். பிரமிளாவுக்குப் பந்தாட்டம் என்றாலே வேப்பங்காய். அதனால் நம்பிப் பிடிக்கக் கொடுத்தார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். கமலநாதனின் அணியிலிருந்து ஹரிசன் பந்தோடு தனியாகப் போகிறான். கமலநாதன் பாய்ந்தார், பெல்ட் இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேவிட்டார். ஆனால் இழுத்த கை எங்கே? "அடியடா ஹரிசன், அடி!" என்று ஒரு குரல். பிரமிளா சேலையைச் செருகிக்கொண்டு கணவரைத் தாண்டி ஓடி, சவிரிமுத்துவைக் கொடியோடு புல்லில் சாய்த்திருந்தார். அதே நொடியில் பந்து வலைக்குள் போனது.

எதிரணி கூச்சல் போட்டது. நடுவரான ரெப்ரி செல்லப்பன் மலேசியாக்காரர், யாரையும் தெரியாதவர். விதித்தாளோடு கமலநாதனிடம் வந்து, "அண்ணே, இந்தம்மா உங்க டீம் ஆளா?" என்று கேட்டார்.

ஓம் என்றால் கோலும் இல்லை, பெனல்டியும் உண்டு. கமலநாதன் மேசையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். இருபது வருடம் சோறு போட்ட பிரமிளாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஆரெண்டு தெரியேல்லைத் தம்பி. மட்ச் பாக்க வந்த ஆக்களாக்கும்."

சவிரிமுத்து வேதக்காரர். புல்லைத் தட்டிக்கொண்டே, பைபிளில் ஆண்டவரைத் தெரியாது என்ற சீடனுக்குக் கூவியதுபோல் இந்நேரம் ஒரு சேவல் கூவியிருக்க வேண்டுமே என்றார்.

கோல் நின்றது, கிண்ணம் வந்தது. காரோ வீட்டுச் சாவியையும் சேர்த்துக்கொண்டு பிரமிளாவோடு போய்விட்டது. கமலநாதன் கிண்ணத்தை மடியில் வைத்தபடி மூன்று பஸ் மாறிக் குட்மேய்ஸ் வந்து மணியடித்தார். கதவு சங்கிலியளவு திறந்தது.

"ஆரைத் தேடி வந்தனீங்கள்?"

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் ஹரிசன் தனியாகப் போனபோது உங்கள் வலக்கால் மேசைக்கடியில் எதையோ உதைத்ததே, அதை யாரும் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? எதற்கும் வீட்டுச் சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.